கண்டிக்கு உப்பு வந்த வழி

2025 ஆம் ஆண்டின் முற்பகுதியில் இலங்கையில் உப்புக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நாற்புறமும் கடல் சூழ்ந்த ஒரு தீவு இந்தியாவிலிருந்து உப்பை இறக்குமதி செய்தது. கடல்கடந்து வாழும் நம்மவர் பலருக்கு இச்செய்தி நகைப்பைத் தந்தது. காரணம் என்னவோ எளியதுதான். புத்தளத்திலும் அம்பாந்தோட்டையிலும் விளைச்சல் காலத்தில் பெய்த மழை பாத்திகளில் இருந்த உப்பைக் கரைத்துவிட்டது. பத்திரிகைகள் வழக்கம்போல் அமைச்சையும் வியாபாரிகளையும் சாடின. மழையைச் சாட எவராலும் இயலவில்லை.

உப்புக்காக ஏங்கிய அந்தச் சில வாரங்கள் கொழும்புக்குப் புதியவை. கண்டிக்கு அது பழங்கதை. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில், மூன்று பக்கமும் மகாவலி வளைந்தோட, மலைகளுக்கு நடுவே அமைந்த அந்தத் தலைநகரில் நீருக்கு என்றும் குறைவிருந்ததில்லை. கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் வயலை மறித்து ஒரு வாவியையே அழகுக்காக அமைத்தான். ஆனால் அந்த இராச்சியத்தின் மலைநாட்டில் ஒரு கைப்பிடி உப்பு விளைய இடமில்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலை இதற்கு நேர்மாறானது. ஆனையிறவிலும் செம்மணியிலும் உப்பு விளைந்தது. ஓடுகின்ற ஆறு ஒன்றேனும் அங்கில்லை. கண்டிக்கு நீருண்டு, உப்பில்லை. யாழ்ப்பாணத்துக்கு உப்புண்டு, நீரில்லை. இரண்டுக்கும் மருந்து ஒரே இடத்தில்தான் இருக்கிறது: கடல்நீரும் அதன்மேல் காயும் வெயிலும்.

உப்பளமும், கடல்நீரை வெயிலால் குடிநீராக்கும் கலமும் ஒரே தொழிலின் இரு முகங்கள். உப்பளத்தில் ஆவியைப் போகவிட்டு உப்பை அள்ளுகிறோம். சூரிய வடிகலத்தில் ஆவியைப் பிடித்து உப்பை ஒதுக்குகிறோம். ஒருவனுக்குச் செல்வமாக இருப்பது மற்றவனுக்குத் தொல்லை. கடல்நீரை வடித்தெடுக்கும் புதிய கருவிகளில் உப்புப் படியாதிருக்க என்ன செய்வது என்று உலகெங்கும் ஆய்வுகள் நடக்கும் இந்நாளில், அந்த உப்பு படிய வேண்டுமே என்று ஓர் அரசும் அதன் குடிகளும் காத்துக்கிடந்த கதையைச் சொல்லத் தோன்றியது.

ஒரு லீற்றர் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்புகள் கரைந்துள்ளன. வெயிலில் நீர் வற்ற வற்ற முதலில் சுண்ணாம்பு படியும், பிறகு ஜிப்சம் படியும். பத்தில் ஒன்பது பங்கு நீர் போன பிறகே கறிக்கு உதவும் உப்பு மணியாகத் திரளும். அதற்குப் பின்னும் வற்றவிட்டால் மக்னீசிய உப்புகள் சேர்ந்து கசப்பேறிவிடும். ஆகவே மிஞ்சிய நீரை வடித்துவிடுவார்கள். இத்தனையும் நடக்க மழையில்லாத பல வாரங்கள் வேண்டும். எனவேதான் உப்பு எல்லாக் கரையிலும் விளைவதில்லை. இலங்கையில் அதற்கு வாய்த்தவை வரண்ட கரைகள் மட்டுமே: வடக்கு, வடமேற்கில் புத்தளம், தென்கிழக்கில் அம்பாந்தோட்டை. தென்மேற்கு ஈரக்கரையில், கொழும்பிலோ காலியிலோ, கடல் எவ்வளவு அருகில் இருந்தாலும் பயனில்லை.

சங்க நூல்களைப் படித்தவர்களுக்கு உமணரைத் தெரியும். நெய்தல் நிலத்து உப்பை எருது பூட்டிய வண்டிகளில் ஏற்றி, காடும் மலையும் கடந்து உள்நாட்டில் நெல்லுக்கு மாற்றிய வணிகர்கள் அவர்கள். கண்டிக்கும் உமணர்கள் இருந்தார்கள். அவர்களைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

கண்டியின் உப்பைப் பற்றி நமக்குக் கிடைத்த சுவையான பழைய சாட்சியம் ரொபர்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயருடையது. 1660 ஆம் ஆண்டில் கொட்டியாரக் குடாவில் இரண்டாம் ராஜசிங்க மன்னனின் ஆட்களிடம் பிடிபட்ட அவர், 19 ஆண்டுகள் மலைநாட்டுக் கிராமங்களில் கைதியாக வாழ்ந்தார். கைதி என்றாலும் சிறையில் இல்லை. கண்டிக்கு அருகே உடுநுவரையில் எலதெத்த என்ற ஊரில் வீடும் தோட்டமும் வைத்துக்கொண்டு, தொப்பி பின்னி விற்றும் நெல்லைக் கடனாகக் கொடுத்தும் சீவித்தார். 1679 இல் சில்லறை வியாபாரியைப் போல் பொருள் சுமந்து வடக்கே நடந்து, அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்து தப்பினார். அவருடைய நூல் 1681 இல் இலண்டனில் வெளியாயிற்று. சாதாரண மனிதர்களின் அடுப்பங்கரை வரை சென்று எழுதியவர் என்பதால் உப்பு அவர் கண்ணுக்குத் தப்பவில்லை.

நாட்டின் ஒரு பகுதிக்குப் புத்தளம் துறையிலிருந்து உப்பும் மீனும் வருவதாக அவர் எழுதுகிறார். அதற்கு எட்டாத கிழக்குப் பக்கத்தவருக்கு இயற்கையே வேறொரு வழி செய்திருந்தது. அதை அவர் 'லேவாவ' என்கிறார். இன்று நாம் லேவாய என்று அழைக்கும் அம்பாந்தோட்டைப் பக்கத்து உப்பு ஏரிகள்தான் அவை. ஒரு காற்றில் கடல் உள்ளே வந்து ஏரியை நிரப்பும். மறுகாற்றில் வானம் தெளிந்து நீர் வற்றும். அள்ளுகின்றவன் அள்ளுமளவு உப்பு கிடக்கும். போர்த்துக்கேயராலோ ஒல்லாந்தராலோ இந்த ஏரியை மக்களிடமிருந்து மறிக்க முடியவில்லை என்று நொக்ஸ் வியக்கிறார். தரைப்பக்கம் மலைகள், கடற்பக்கம் கப்பல் நிற்க வசதியற்ற கரை, எல்லாவற்றுக்கும் மேலாகக் காய்ச்சல். அங்கு போகின்றவர்கள் நோயுறுவதற்குக் காரணம், அருகே கோயில் கொண்டிருந்த தெய்வத்தின் வல்லமை என மக்கள் நம்பினார்களாம். வழியில் அவ்வூர். உப்பெடுக்கப் போகும் பெரியவரும் சிறியவரும் அந்தத் தெய்வத்துக்குக் காணிக்கை செலுத்தியே செல்ல வேண்டும். அந்த ஊர் கதிர்காமம்.

கதிர்காம யாத்திரை பற்றி எத்தனையோ கட்டுரைகள் வந்துள்ளன. உப்பெடுக்கப் போன ஏழைகள் வேல் பெருமானுக்குக் கொடுத்த காணிக்கையைப் பற்றி அவற்றில் நான் அதிகம் கண்டதில்லை. மலேரியாவே அந்த ஏரியின் காவல் என இன்றைய மருத்துவர் கூறக்கூடும். பலன் ஒன்றுதான். எவராலும் பூட்ட முடியாத ஓர் உப்புக் கிடங்கு கண்டிக்கு இருந்தது. போர்க்காலத்தில் மக்கள் முதலில் கருதியது உப்பையே என்றும், பெரும்பாலோர் வீட்டில் சிறிது சேமித்தே வைத்திருந்தனர் என்றும் நொக்ஸ் குறிப்பிடுகிறார்.

மேற்குக் கரைக்கு அத்தகைய காவல் இல்லை. போர்த்துக்கேயரை விரட்ட 1638 இல் இரண்டாம் ராஜசிங்கன் ஒல்லாந்தருடன் உடன்படிக்கை செய்துகொண்டான். 1658 இல் யாழ்ப்பாணமும் வீழ்ந்தபோது போர்த்துக்கேயர் போய்விட்டனர், ஒல்லாந்தர் போகவில்லை. 1667 இல் அவர்கள் கற்பிட்டியில் கோட்டை கட்டத் தொடங்கினர். வரைபடத்தைப் பார்த்தால் நோக்கம் புரியும். புத்தளம் கடனீரேரியின் வாயில் அந்தக் கோட்டை அமர்ந்திருக்கிறது. ஏரிக்குள் புகும் தோணி ஒவ்வொன்றும் அதைக் கடக்க வேண்டும். கண்டியின் மேற்குக் கதவுக்குப் போட்ட தாழ்ப்பாள் அது.

அந்தத் தாழ்ப்பாளை ஒல்லாந்தர் முற்றாக அடைத்து வைக்கவும் இல்லை. அதற்கும் காரணமுண்டு. அவர்களுக்கு வேண்டிய கறுவாவில் ஒரு பங்கு கண்டி அரசனின் காட்டில் இருந்தது. உப்பை நிறுத்தினால் அரசன் கறுவா உரிக்க விடமாட்டான், வழிகளை மூடிவிடுவான். ஒருவர் கையில் உப்பு, மற்றவர் கையில் கறுவா. இந்த இழுபறியின் தொடக்க காலத்தை, 1658 முதல் 1687 வரையான ஒல்லாந்தர் ஆட்சியை, நமது வரலாற்றாசிரியர் சின்னப்பா அரசரத்தினம் 1958 இல் வெளியான தமது நூலில் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். கறுவாவைப் பற்றி எழுதாத ஐரோப்பிய வரலாற்றாசிரியர் இல்லை. உப்பு அவர்கள் பக்கங்களில் ஒரு வரியோடு நின்றுவிடும். கறுவா அவர்களுடைய மேசைக்குப் போயிற்று, உப்பு நம்முடைய சட்டிக்கு வந்தது என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

இனி, அந்தச் சட்டிக்கு உப்பைக் கொண்டுவந்தவர்களைப் பார்ப்போம். கண்டியின் உமணர்கள் பெரும்பாலும் முஸ்லிம்கள். பொதிமாடுகளின் முதுகில் இருபுறமும் மூட்டை தொங்கவிட்டு, மணியோசையுடன் வரிசையாக நடத்திச் செல்லும் அந்தக் கூட்டத்துக்குத் தவளம் என்று பெயர். மேலே போகும்போது உப்பும் கருவாடும். கீழே வரும்போது பாக்கு. மலைநாட்டுப் பாக்குக்குத் தென்னிந்தியக் கரைகளில் நல்ல கிராக்கி இருந்தது. வண்டிப் பாதை இல்லாத நாட்டில், அந்நியப் படை எளிதில் ஏறிவிடக் கூடாதென்று பாதைகளை வேண்டுமென்றே ஒடுக்கமாக வைத்திருந்த அரசில், எருதின் முதுகைத் தவிர வேறு வாகனம் கிடையாது.

இவர்கள் எப்படிக் கண்டிக்கு வந்தார்கள்? 1626 இல் போர்த்துக்கேயர் தமது ஆட்சிப் பகுதியிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, செனரத் மன்னன் அவர்களுக்குப் புகலிடம் அளித்தான். பலரை மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினான். மலைநாட்டிலும் அவர்களுடைய ஊர்கள் வளர்ந்தன. பேராசிரியை லோனா தேவராஜா 1994 இல் வெளியிட்ட இலங்கை முஸ்லிம்கள் பற்றிய நூலில் இதைத் தெளிவாக எழுதியிருக்கிறார். கண்டி அரசில் மடிகே பத்த என்றொரு துறை இருந்தது. பொதிமாட்டுப் போக்குவரத்து அதன் பொறுப்பு. முஸ்லிம்களே அதில் பெரும்பங்கினர். அரசனிடம் நிலம் பெற்றதற்கு ஈடாக அவர்கள் செய்த இராசகாரியம் அரண்மனைக்குப் பொருள் சுமப்பது. ஏனைய நாட்களில் சொந்த வியாபாரம்.

பத்திரிகைப் பணியில் இருந்த நாட்களில் கலகெதர வழியாகக் குருநாகலுக்குப் பலமுறை போயிருக்கிறேன். அந்த ஏற்றத்தில் இரண்டு மணி உப்புடன் நின்று மூச்சு வாங்கும் எருதுகளை நினைத்துப் பார்ப்பேன். உப்புச் சுமை மற்றச் சுமைகளைப் போன்றதன்று. நனைந்தால் கரையும், வியர்வை பட்டால் மாட்டின் தோலை அரிக்கும், இரும்பு வளையத்தைத் தின்றுவிடும். ஓலைப் பையும் மரமும் கயிறும்தான் அதற்குப் பொருந்தும். இன்றும் உப்பளத்தில் உப்பை வாரும் கருவி மரப்பலகைதான்.

அரசியலுக்குத் திரும்புவோம். மதுரையிலிருந்து வந்த நாயக்கர் வழியினனான கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் காலத்தில் ஒல்லாந்தருடன் பெரும்போர் மூண்டது. 1765 இல் ஆளுநர் வான் எக் கண்டிக்குள் புகுந்து நகரைச் சூறையாடினான். மறுஆண்டு பெப்ரவரி 14 ஆம் நாள் ஆளுநர் ஃபால்க்குடன் செய்த உடன்படிக்கையால் தீவின் கடற்கரை முழுவதும் ஒல்லாந்தருக்குப் போயிற்று. கண்டி அன்றுதான் முற்றாகக் கடலிழந்த நாடாகியது. அந்த உடன்படிக்கையில் கண்டியருக்குக் கிடைத்தவற்றுள் ஒன்று, கரையோர உப்பளங்களில் உப்பு எடுத்துச் செல்லும் உரிமை. நாடு கடலை இழக்கும்போதும் கேட்டுப் பெற்றது உப்பை.

பிரித்தானியர் வந்தபோதும் இதே பேச்சுத்தான். 1795 இல் ரொபர்ட் ஆன்ட்ரூஸ் கண்டிக்குத் தூது சென்றார். 1796 பெப்ரவரியில் சென்னையில் எழுதப்பட்ட முதல்நிலை உடன்படிக்கையில், உப்பும் கருவாடும் பெறுவதற்கென்று கடற்கரையில் ஓரிடத்தைக் கண்டி அரசன் வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு விதி இருந்தது. அரசன் ராஜாதி ராஜசிங்கன் அந்த உடன்படிக்கையை உறுதிப்படுத்தவில்லை. ஒல்லாந்தர் பறித்த கரையைக் கேட்டவனுக்கு ஒரு துண்டுக் கரை போதவில்லை. அத்தகைய வாய்ப்பு அதன் பிறகு வரவேயில்லை.

1802 இல் நடந்தது இதைவிடச் சிறிய சம்பவம். புத்தளத்து முஸ்லிம் வணிகர்கள் கண்டி நாட்டில் வாங்கிய பாக்கைக் கண்டி அதிகாரிகள் பறித்துக்கொண்டார்கள். வணிகர்கள் பிரித்தானியக் குடிகள். ஆளுநர் பிரெடரிக் நோர்த் நட்டஈடு கேட்டார். அது தாமதமாக, 1803 தொடக்கத்தில் படை கண்டிக்கு நடந்தது. காரணம் பாக்கு மட்டும் என்று எவரும் நம்பத் தேவையில்லை. சாக்குத் தேடியிருந்தவருக்குப் பாக்கு கிடைத்தது. வெறுமையாக விடப்பட்ட தலைநகரைப் பிடித்த அப்படை காய்ச்சலில் விழுந்து, யூன் மாதத்தில் சரணடைந்து, பெரும்பாலோர் கொல்லப்பட்டனர். உப்பை ஏற்றி வந்து பாக்கை இறக்கிச் சென்ற அந்தப் பழைய வழி, இவ்வாறு ஒரு போருக்கும் வழியாயிற்று. 1815 மார்ச் 2 ஆம் நாள் கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தாகி, கடைசி மன்னன் வேலூருக்கு அனுப்பப்பட்டான்.

இங்கே ஒரு வேடிக்கையைச் சொல்லாமல் கடக்க மனமில்லை. 1816 முதல் 1820 வரை இலங்கையில் இராணுவ வைத்தியராக இருந்த ஜோன் டேவி, புகழ்பெற்ற இரசாயனவியலாளர் ஹம்பிரி டேவியின் தம்பி. மலைநாடு முழுதும் அலைந்து 1821 இல் ஒரு நூல் வெளியிட்டார். அதில் தும்பறைப் பக்கத்தில் ஒரு குகையிலிருந்து வெடியுப்பு எடுக்கப்பட்டதை விவரிக்கிறார். வௌவாலின் எச்சம் படிந்த பாறையைச் சுரண்டி, சாம்பலுடன் கலந்து, நீரில் கரைத்துக் காய்ச்சி வெடியுப்பு செய்தார்கள். வெடிமருந்துக்கு வேண்டிய உப்பைத் தன் மலையிலேயே விளைவித்த நாட்டுக்குக் கறிக்கு வேண்டிய உப்பை விளைவிக்க இயலவில்லை!

பிறகு வந்த மாற்றம் விரைவானது. 1820களில் கடுகண்ணாவை வழியாகக் கொழும்பு வீதி ஏறியது; கோப்பித் தோட்டங்கள் வந்தன; தமிழ்நாட்டிலிருந்து நம் மக்கள் நடந்தே வந்து சேர்ந்தார்கள். அவர்களுக்கு வேண்டிய அரிசியும் கருவாடும் உப்பும் மாட்டு வண்டிகளில் ஏறின. அவை கோப்பியுடன் இறங்கின. 1867 இல் புகையிரதம் கண்டியை அடைந்தது. தவளத்தின் காலம் மெல்ல முடிந்தது. உப்போ அரசின் ஏகபோகமாகவே இருந்தது. இந்தியாவில் 1930 இல் தண்டிக்கும் வேதாரண்யத்துக்கும் நடந்தார்கள். நமது தீவின் உப்புக்கு அப்படியொரு யாத்திரை வாய்க்கவில்லை.

இந்த ஏகபோகத்தின் உட்புறத்தைக் கண்டவர் லெனார்ட் வூல்ஃப். யாழ்ப்பாணத்தில் அரச சேவையைத் தொடங்கி, 1907 இல் கண்டிக் கச்சேரிக்கு மாறி, 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராக இருந்தவர். லேவாயாக்களில் உப்புத் திரண்டதும் மழைக்கு முன் அள்ளி முடிப்பது அவருடைய பெருங்கவலை. அக்காலத்தில் மாட்டு வெக்கை நோய் பரவி எருதுகளும் எருமைகளும் செத்து விழுந்தன. எருது இல்லையேல் உப்பு ஏரிக்கரையிலேயே கிடக்கும். நொக்ஸ் சொன்ன ஏரி, நொக்ஸ் சொன்ன காய்ச்சல்; 230 ஆண்டுகளில் மாறியது அள்ளுகின்றவனின் எசமான் மட்டுமே.

தவளக்காரரின் வழிவந்தவர்கள் கடைக்காரரானார்கள். அக்குறணை, மடவளை, கலகெதர என்று கண்டியைச் சுற்றியுள்ள ஊர்களில் அவர்கள் இன்றும் வாழ்கிறார்கள். 1915 மே மாத இறுதியில் வெசாக் இரவில் முஸ்லிம்களுக்கு எதிரான கலவரம் கண்டி நகரிலேயே தொடங்கியது. 2018 மார்ச்சில் திகனவிலும் தெல்தெனியவிலும் அக்குறணையிலும் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன. நாடெங்கும் அவசரகாலச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. செய்தி அறைகளில் அந்நாட்களில் சமூக ஊடகங்களைப் பற்றியே பேசினார்கள். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று நம்மிடம் ஒரு பழமொழி உண்டு. அந்தப் பழமொழியின் நேர்ப்பொருளிலேயே கண்டிக்கு உப்பிட்ட ஊர்கள் அவை.

உப்பு வந்தும் கண்டிக்கு ஒரு குறை இருந்தது. மழை கழுவிய மலைமண்ணில் அயடீன் குறைவு. வெயிலில் விளையும் சாதாரண உப்பிலும் அது மிகச் சொற்பமே. மலைநாட்டிலும் ஈரவலயத்திலும் கழுத்துக் கழலை தலைமுறை தலைமுறையாக நீடித்தது. 1995 இல் உப்பில் அயடீன் சேர்ப்பதை அரசு கட்டாயமாக்கிய பின்னரே நிலைமை மாறியது. இன்று கண்டியில் வளரும் பிள்ளைகளுக்குக் கழலை கண்ட நினைவே இராது.

இனி மறுபக்கம். உப்பளத்திலிருந்து போய்விடும் ஆவியைப் பிடித்தால் நன்னீர். இந்த எண்ணம் புதியதன்று. தென்னமெரிக்காவின் சிலி நாட்டுப் பாலைவனத்தில், லாஸ் சலினாஸ் என்ற இடத்தில், 1872 இல் சாள்ஸ் வில்சன் என்ற பொறியியலாளர் மரத்தொட்டிகளைக் கண்ணாடியால் மூடி, உவர்நீரை வெயிலில் வடித்து, நைட்ரேற்றுச் சுரங்கத்துக்கு நாளொன்றுக்கு இருபதாயிரம் லீற்றருக்கு மேல் நீர் கொடுத்தார். சுரங்கத்தின் கோவேறு கழுதைகளுக்கு வேண்டிய நீர் அது. மறுபடியும் பொதி சுமக்கும் விலங்குகள்! இந்தியாவில் 1954 இல் நேரு திறந்துவைத்த பவநகர் உப்பு ஆய்வு நிறுவனமே பின்னாளில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆய்விலும் முன்னின்றது. உப்பை அறிந்தவனுக்கே உப்பை நீக்கவும் தெரியும்.

ஆனால் வெயிலின் கணக்கு கடுமையானது. ஒரு லீற்றர் நீரை ஆவியாக்க ஏறத்தாழ 0.65 கிலோவாற்று மணி சக்தி வேண்டும். நமது நாட்டில் ஒரு சதுர மீற்றரில் நாள் முழுதும் விழும் வெயில் 5 முதல் 6 கிலோவாற்று மணி. எனவே எதுவும் வீணாகாவிட்டாலும் எட்டு, ஒன்பது லீற்றருக்கு மேல் தேறாது. சாதாரணக் கண்ணாடிக் கலங்கள் தருவது இரண்டு முதல் ஐந்து லீற்றர். குளிரும் ஆவியின் வெப்பத்தை அடுத்த அடுக்குக்குக் கொடுத்து இந்த எல்லையைத் தாண்டலாம். அதற்கேற்பக் கலமும் சிக்கலாகும். மென்சவ்வு வழியாக அழுத்திப் பிரிக்கும் முறையிலோ ஆயிரம் லீற்றருக்கு மூன்று, நான்கு கிலோவாற்று மணி போதும். இரணைமடுத் தண்ணீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவரும் திட்டத்தைக் கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்த பிறகு, மருதங்கேணி தாளையடியில் அமைத்து 2024 ஓகஸ்ட்டில் திறந்த நிலையம் இந்த முறையில் இயங்குவதுதான். அதன் கொள்ளளவு நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர். ஆகவே வெயில் கலத்தால் நகரங்களுக்கு நீர் கொடுக்கலாம் என்று எழுதுகின்றவர்களின் கணக்கை நான் நம்புவதில்லை. மின்கம்பி எட்டாத ஒரு கரையில், பத்துக் குடும்பங்களுக்குக் குடிக்க மட்டும் என்றால் அது வேறு கதை.

அங்கேதான் பழைய உப்பு வழிமறிக்கிறது. 2014 இல் அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவன ஆய்வாளர்கள் ஒரு புதுவழி கண்டார்கள். தொட்டி நீர் முழுவதையும் சூடாக்காமல், நீரின்மேல் ஒரு கரிய தட்டை மிதக்கவிட்டு, அதன் மேற்பரப்பில் ஊறும் மெல்லிய நீரை மட்டும் சூடாக்குவது. தட்டின் மேற்பகுதி காரீயம், அதாவது பென்சிலுக்குள் இருக்கும் கரி. மைக்ரோவேவ் அடுப்பில் வைத்துச் சோளப்பொரி போலப் பொரியவைத்த செதில்கள். நன்னீரில் இத்தகைய தட்டுகள் அருமையாக வேலை செய்யும். கடல்நீரில் விட்டால் நீர் ஏறும், ஆவி போகும், உப்பு தங்கும். துளைகள் அடைபடும். கரிய முகம் வெளுத்து வெயிலைத் திருப்பியனுப்பும். நொக்ஸ் கண்ட ஏரியில் கண்டியர் வேண்டிக்கொண்ட அதே வெள்ளைத் தோல்தான்.

இதற்கு இரண்டு விதமான விடைகள் வந்துள்ளன. ஒன்று, உப்பை வந்த வழியே திருப்பியனுப்புவது. 2018 இல் அதே நிறுவனத்தார் செய்த மிதவையில் கரிய துணியும் அதிலிருந்து கீழ்நோக்கிச் செல்லும் திரிகளும் இருந்தன. பகலில் செறியும் உப்பு இரவில் அந்தத் திரிகளின் ஈரத்தினூடே கடலுக்குத் திரும்பிக் கரைந்துவிடும். பொருளின் விலையும் குறைவு. மற்றது எனக்கு மிகவும் பிடித்தது. 2019 இல் அவுஸ்திரேலியாவின் மொனாஷ் பல்கலைக்கழகத்தில், வடிதாளில் கரிநுண்குழாய் பூசி ஒரு வட்டு செய்தார்கள். நடுவில் ஒரு நூல் வழியாக உவர்நீர் ஏறும். ஓரத்தை நோக்கிப் பரவும்போது ஆவியாகும். உப்பு ஓரத்தில் மட்டுமே திரண்டு தன் பாரத்தால் கீழே உதிரும். நடுப்பகுதி கறுப்பாகவே இருக்கும். உப்பை எதிர்க்காமல் அதற்கென்று ஓரிடம் ஒதுக்கிக் கொடுத்திருக்கிறார்கள். நீரும் கிடைக்கிறது, உப்பும் கிடைக்கிறது. நம் உப்பளத்தார் இதைக் கண்டால் சிரிப்பார்கள். ஒரு பாத்தியில் ஜிப்சத்தையும் மறுபாத்தியில் உப்பையும் படியவைக்கும் அவர்களுடைய பழைய தந்திரத்தின் பேரப்பிள்ளைதானே இது.

கடைசியாக அந்தக் கரியைப் பற்றி. நரம்பு நரம்பாகப் பாறையில் ஓடும் மிகத் தூய காரீயம் உலகில் அரிது. அதற்குப் பெயர்போனது இலங்கை. கண்டியிலிருந்து கொழும்புக்கு இறங்கும் பக்கத்தில், கேகாலை மாவட்டத்துப் போகலையில் அதன் பெரிய சுரங்கங்களில் ஒன்று இருக்கிறது. முதலாம் உலகப் போரின்போது உலோகம் உருக்கும் மூசைகளுக்காக ஏற்றுமதி உச்சத்தில் இருந்தது. கண்டி ஹந்தானை மலைச்சாரலில் உள்ள தேசிய அடிப்படைக் கற்கைகள் நிறுவகத்தில் இந்தக் காரீயத்தை மின்கலங்களுக்குப் பயன்படுத்தும் ஆய்வுகள் நடந்துள்ளன. ஆயினும் நாம் தோண்டும் கரியில் பெரும்பங்கு இன்றும் மூலப்பொருளாகவே கப்பல் ஏறுகிறது, அன்று பாக்கு ஏறியதைப் போல. ஹந்தானையிலிருந்து நெடுந்தீவுக்கு ஒரு கரிய தட்டு போய், அங்கே ஒரு வீட்டு முற்றத்தில் ஒரு குடம் நீரும் ஒரு பிடி உப்பும் தரக்கூடுமா என்று, பேராதனையிலும் யாழ்ப்பாணத்திலும் பொறியியல் படிக்கும் இளைஞர்கள் யாராவது கணக்குப் போட்டுப் பார்த்தால் அதை வாசிக்க ஆவலாயிருக்கிறேன்.